கரிமேட்டுக் கைரேகை

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கிளாரா கரிமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தென்னந்தோப்பு நடுவே ஒரு மேடு. அதில் அகழாய்வுக்காகத் தோண்டிய ஆளுயரக் குழி. திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தும் அவள், பல வருடமாக இந்த மேட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி மிஞ்சியது ஒரே வரி. அதுவும் அவர்களை வென்றவன் கல்லில் வெட்டி வைத்தது: 'பகைவரை எரித்தோம்.' யார் அந்தப் பகைவர், பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒன்றும் கிடையாது. வேறு வழியில்லாமல் அவள் அவர்களுடைய குப்பையைப் படித்தாள். கருகிய தினை, உடைந்த அம்மி, பானை ஓடுகள். என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடிந்தது. யார் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை.

"பெரியவங்க ஏதாவது சொல்லியிருப்பாங்கல்ல அண்ணே?" என்று குழிக்குள் நின்றபடி தோப்புக்காரர் மொக்கைச்சாமியிடம் மறுபடியும் கேட்டாள்.

"யாரோ இருந்தாக, அழிஞ்சு போனாக. அம்புட்டுத்தேன் மேடம். எத்தன தடவ கேட்டாலும் அதேதான்." அவர் துண்டை உதறினார். "சாப்பிட்டு வாரேன். நீங்களும் மேல வந்துருங்க. உச்சி வெயில்ல நாங்க அதுக்குள்ள நிக்கிறதில்ல."

அவர் போனதும் காற்று நின்றது. குழிக்குள் தானியம் கருகும் வாடை எழுந்தது.

மண்சுவரில் ஓர் ஓடு துருத்திக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு கட்டைவிரல் குழிவு. ஈரக் களிமண்ணில் யாரோ அழுத்தியது, ரேகைகூட அழியவில்லை.

"பேரையாவது விட்டுட்டுப் போயிருக்கலாம்ல," என்று முணுமுணுத்தாள். எரிச்சலில் கண் கலங்கியது. தன் கட்டைவிரலை அந்தக் குழிவில் வைத்தாள்.

அச்சாகப் பொருந்தியது.

ஓடு சுட்டது.

இழுத்தாள். விரல் வரவில்லை.

மண்ணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு விரல் அழுத்திக்கொண்டிருந்தது. அதன் பின்னால் பலர் நெருக்கியடித்து மூச்சுவிடும் சத்தம்.

"மேடம்?"

மொக்கைச்சாமியின் குரல் கேட்டதும் பிடி விட்டது.

"விரல் ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணே. குழியை மூடிருங்க."

பேருந்தில் அவளுக்கு அழுகையாக வந்தது. இத்தனை வருடம் கழித்து அவர்களே கைநீட்டியிருக்கிறார்கள். இதை எந்தக் கட்டுரையில் எழுதுவது? அடிக்குறிப்பில் எதைச் சான்று காட்டுவது?

மறுநாள் காலை, கல்லூரி அலுவலகத்தின் வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. 'தேங்க் யூ' என்றது. அவள் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது.

எழுத்தர் கிறிஸ்துராஜ் எட்டிப் பார்த்தார். "பேரே வரலையே. அப்புறம் எப்படி மேடம் ஏத்துக்கிச்சு?"

கிளாரா கையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

'தேங்க் யூ.'

இயந்திரத்தின்மேல் யார் விரலும் இல்லை. திரையில் இன்னொரு வெற்று வரி ஏறியது.

'தேங்க் யூ.'

'தேங்க் யூ.'

கிறிஸ்துராஜ் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். அது அவர் கையில் தொங்கியது.

வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன.