ஊர் கேட்காத சவாரி

முன்னால் போகிறவன் வழி விடுவேனா என்கிறான்.

கிருபா இடது பக்கம் ஒதுங்கினால் அவனும் இடது பக்கம். வலது பக்கம் நகர்ந்தால் அவனும் வலது பக்கம். எட்டிமடை தாண்டியதிலிருந்து இதே கூத்துதான். சாரல் கண்ணில் அடிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, வராதே வராதே என்று பிடித்துத் தள்ளுகிறது... இதற்கு நடுவில் ஒருவனுடைய நனைந்த மஞ்சள் சட்டையையே எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டு வருவது?

பெல் அடித்தாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு முறை நன்றாக அழுத்தி அடித்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் ஒதுங்கறீங்களா? ரோட்டுக்கு உங்க பேர்ல பட்டா ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவன் மறுபேச்சுப் பேசாமல் ஒதுங்கிக்கொண்டான். கிருபா விறுவிறுவென்று முன்னால் போனாள். ஜெயித்த சந்தோஷம் நூறடி கூடத் தாங்கவில்லை. காற்று நேராக முகத்தில் அறைந்தது. பெடல் கல்லாகிவிட்டது. அவளுடைய நீல நிற லேடீஸ் சைக்கிள் நடை வேகத்துக்கு வந்து, அப்புறம் தள்ளாடி, கடைசியில் நின்றே போனது.

அவன் பக்கத்தில் வந்து காலை ஊன்றினான். எதிரே வந்த லாரி வெளிச்சத்தில்தான் முதன்முதலாக அந்தக் கண்களைப் பார்த்தாள். இமையில் மழைத்துளி தொங்க, சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்த கண்கள்...

"எதுத்த காத்துங்க," என்றான். "முன்னால ஒரு ஆளு போனா, பின்னால வர்றவிங்களுக்குக் காத்து தெரியாதுங்க. உங்க டைனமோ வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகுதோ, அதைப் பாத்துப் பாத்துத்தான் நானும் நவுந்து போனேன். வேற ஒண்ணுமில்லீங்க."

"அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?"

"சொல்லியிருந்தா, உங்க உபகாரம் எனக்கு வேண்டாமுன்னு சொல்லியிருப்பீங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. அப்படித்தான் சொல்லியிருப்பாள். இவனுக்கு எப்படித் தெரிந்தது?

தொண்ணூற்றைந்து ஜூன் மாதம், சனிக்கிழமை சாயங்காலம் சிங்காநல்லூரிலிருந்து கிளம்பிய கூட்டம் அது. ராத்திரி முழுக்க மிதித்து, விடியும்போது பொன்னானிக் கடலில் கால் நனைப்பது, குட்டிப்புரத்தில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பி வருவது. வருஷா வருஷம் நடப்பதுதான். கூட்டத்துக்குத் தலைவர் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் நஞ்சுண்டன். கிருபா நூற்பாலை ஒன்றில் நூலின் பலம் சோதிக்கும் வேலை பார்க்கிறவள். இந்தக் கூட்டத்துக்குப் புதுசு. உக்கடத்து டீச்சர் சாயிரா பானுவும் அவள் வீட்டுக்காரர் கரீமும் வருகிறார்கள் என்றதால்தான் வீட்டில் விட்டார்கள். மஞ்சள் சட்டைக்காரன் பெயர் ரங்கராஜ்.

வாளையாறு டீக்கடையில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ரங்கராஜின் கேரியரில் மூன்று பேருடைய பைகள் ஏறியிருந்ததைக் கிருபா அப்போதுதான் கவனித்தாள்.

"இத்தனை மூட்டைய வெச்சுக்கிட்டா எனக்குக் காத்து மறைச்சீங்க?"

"அது தண்டனைம்மா," என்று சாயிரா பானு சிரித்தாள். "சுந்தராபுரத்துலயே வாயை விட்டுட்டான். எங்க வீட்டுக்காரரைப் பாத்து, அண்ணா உங்களுக்கு எந்த ஊருன்னு கேட்டுப்போட்டான்."

"கேட்டா என்னங்கக்கா?"

பதில் சொன்னது நஞ்சுண்டன். "நம்ம ஆளுகளுக்கு ஊரு கேக்காம ஒரு வாய்த் தண்ணி எறங்காது கண்ணு. ஊரைக் கேப்பாங்க, அப்பறம் அங்க எந்தத் தெருன்னு கேப்பாங்க. தெரு தெரிஞ்சாச் சாதி தெரிஞ்சு போச்சு. மொத வருசம் கெளம்பறப்ப ஒரே கூட்டமாத்தான் கெளம்புனோம். பாலக்காட்டுல இட்லி திங்கறப்ப ரெண்டு கூட்டமாப் போச்சு. அன்னைக்குப் போட்ட சட்டம். இந்தச் சவாரில ஊரு கேட்டா மத்தவன் மூட்டையச் சொமக்கோணும்."

கிருபா டீயை வேகமாகக் குடித்தாள். நாக்கு சுட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் கேள்விக்குப் பயந்து பயந்தே வளர்ந்தவள் அவள். ஸ்கூலில், ஹாஸ்டலில், வாடகைக்கு வீடு தேடின தெருக்களில்... ஒரு ராத்திரிக்காவது அந்தக் கேள்வி கிடையாது என்றால் அது எவ்வளவு பெரிய வரம். நஞ்சுண்டனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? இருட்டில் டைனமோ வெளிச்சங்கள் வரிசையாகப் போயின. முன்னால் போகிறவருக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவர் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒத்தப்பாலத்துக்குப் பக்கத்தில் கரீமின் செயின் கழன்றபோது பத்துப் பேர் சுற்றி நின்று டார்ச் அடித்தார்கள். மாட்டியது என்னவோ ஒருவர்தான், யோசனை சொன்னது பத்துப் பேர். சாயிரா பானு பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு கை புளிசாதம் கொடுத்தாள். அதே கை, அதே இலை. யாரும் யாருடைய கையையும் உற்றுப் பார்க்கவில்லை.

கிருபாவும் முறை போட்டு முன்னால் போனாள். ரங்கராஜ் அவள் முதுகுக்குப் பின்னால் வந்தான்.

"காத்து தெரியுதுங்களா?" என்று கேட்டாள்.

"துளிகூடத் தெரியலீங்க. தூக்கமே வருதுங்க."

"தூங்கி உழுந்தீங்கன்னா நான் தூக்க மாட்டேன்."

"நீங்க தூக்க வேண்டாமுங்க. பக்கத்துல ஒக்காந்து, ஐயோ பாவமுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவள் சிரித்துவிட்டாள். இருட்டில் சிரித்தால் தெரியாது என்று நினைத்தாள். தோள் குலுங்கினது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

பட்டாம்பி தாண்டி மழை வலுத்தபோது பூட்டின கடை ஒன்றின் தாழ்வாரத்தில் எல்லோரும் ஒண்டினார்கள். அவன் கைக்குட்டையைப் பிழிந்து நீட்டினான். அதை வாங்கி முகம் துடைத்துக்கொண்டாள். மழை பேசிக்கொண்டிருந்தது... அவன் பார்த்த பார்வையில், இத்தனை நாளும் தன்னை யாருமே சரியாகப் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அட பைத்தியமே, ஒரு ராத்திரிப் பழக்கத்துக்கா இப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் நிற்கிற படபடப்பா அது?

பொன்னானியில் கிழக்குப் பக்கம் வெளுத்துவிட்டது. கடல் மட்டும் இன்னும் கறுப்பாகவே கிடந்தது. மற்றவர்கள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அலைக்கு ஓடினார்கள். நஞ்சுண்டன் உட்பட எல்லோருக்கும் ஏழு வயசாகியிருந்தது. கிருபாவும் ரங்கராஜும் கரையேற்றி வைத்திருந்த படகு ஒன்றின் பக்கத்தில் நின்றார்கள்.

"ஏனுங்க கிருபா..." அவன் மணலைப் பார்த்துப் பேசினான். "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதுங்க. உங்க ஊட்டுக்கு வந்து பொண்ணு கேக்கலாமுன்னு இருக்கறேன். நீங்க சரின்னா..."

கடல் சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை. சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"எந்த ஊருக்கு வரட்டுமுங்க?"

"மூட்டை ஏறப்போகுது உங்க கேரியர்ல," என்றாள்.

"ஏறட்டுமுங்க. சவாரிதான் முடிஞ்சுபோச்சே."

"சரவணம்பட்டிங்க."

"அது இப்ப இருக்கறது. சொந்த ஊருங்க?"

பொய் சொல்லலாம். ரொம்பச் சுலபம். ஆனால் இந்தக் கண்களிடமா? "காங்கேயத்துக்குப் பக்கம்... நத்தக்காட்டுப்புதூர்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "நம்ம பக்கமுங்க. எங்களுக்குக் காங்கேயத்துல எண்ணெய் மில்லு. புதூர்ல எங்களுக்கு ஒறம்பரை ரெண்டு மூணு ஊடு இருக்குதே. நீங்க யாரு ஊடுங்க?"

"ஊருக்குள்ள இல்லீங்க. காலனி. எங்கப்பா இருபது வயசு வரைக்கும் அங்க பண்ணையாளா இருந்தாருங்க. அப்பறம் கோயமுத்தூர் வந்து மில்லுல சேந்தாரு. நாங்க சர்ச்சுக்குப் போறவிங்க."

அந்த முகத்தில் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. வெறுப்பு வரவில்லை, கோபம் வரவில்லை. அவன் கால் மட்டும் மணலில் ஒரு அடி பின்னால் போனது. போனது அவனுக்கே தெரியவில்லை. தெரிந்தவுடன் அந்த அடியை மறுபடி முன்னால் எடுத்து வைத்தான்.

"அதனால என்னங்க. எனக்கு அதெல்லாம் கெடையாது," என்றான். "ஊட்டுல பேசிட்டுச் சொல்றேனுங்க."

கிருபா தலையாட்டினாள். அந்த ஒரு அடியை மறந்துவிட வேண்டும் என்று அலையில் இறங்கி நின்றாள். பழக்கதோஷம், ரத்தத்தில் ஊறினது, அவன் என்ன செய்வான், திரும்பி வந்தானே... இப்படி அவனுக்காக அவளே வாதாடினாள். காதல் வந்துவிட்டால் புத்தி வக்கீல் வேலைக்குப் போய்விடுகிறது.

அம்மா இல்லாத வீட்டில் அப்பா மாசிலாமணி வாசலிலேயே காத்திருந்தார். கிளம்பும்போது செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து அனுப்பி வைத்த மனிதர். கடலை அவர் பார்த்ததில்லை.

"கடல் எப்புடி அம்மணி இருந்துச்சு?"

"பெருசுங்கப்பா," என்றாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. தெரு முழுக்க, எம் மவ சைக்கிள்லயே கடலுக்குப் போயிட்டு வந்துட்டா என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ரங்கராஜிடமிருந்து தகவல் இல்லை. ஜூன் போயிற்று. ஜூலையும் பாதி போயிற்று. அவளாகக் கூப்பிடவில்லை. பெண் கேட்கிறேன் என்று சொன்னது அவன்தானே, அவனே வரட்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிந்ததும் மில் கேட்டில் மஞ்சள் சட்டை ஏதாவது நிற்கிறதா என்று கண் தேடும். தேடிவிட்டு, தேடியதற்காக வெட்கப்படும்.

ஒரு நாள் நின்றது. வெள்ளைச் சட்டை. சைக்கிள் இல்லை, மோட்டார் சைக்கிள். கண்கள் மட்டும் அதேதான்.

கேட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்தார்கள். அவன் தேங்காய் பன்னும் டீயும் வாங்கி வைத்தான்.

"ஊட்டுல பேசிப்போட்டேனுங்க," என்றான். "அம்மா சரின்னு சொல்லிட்டாங்க."

கிருபாவுக்கு ஒரு நிமிஷம் உலகமே தித்தித்தது. அந்த ஒரு அடி, ஒன்றரை மாதம், எல்லாம் கரைந்துபோனது. "எப்படிங்க ஒத்துக்கிட்டாங்க?"

"கொடுமுடின்னு சொல்லியிருக்கறேன்."

"என்னது கொடுமுடி?"

"உங்க ஊருங்க. அங்க எங்களுக்குத் தெரிஞ்சவிங்க யாருமில்லை, விசாரிக்க மாட்டாங்க. கிருபாங்கற பேரு எல்லாருமே வெக்கறதுதானுங்க. அந்த மட்டுக்கு நல்லதாப் போச்சு. சின்ன வயசுலயே அப்பா அம்மா போயிட்டாங்க, டவுன்ல தெரிஞ்சவிங்க ஊட்டுல வளந்த பொண்ணுன்னு..." அவன் மேஜை மேல் விரலால் கோடு போட்டான். "என்ன பண்றதுங்க. வேற வழி தெரியலை. ராத்திரி பூரா யோசிச்சேன்."

"எங்கப்பா உசுரோட இருக்காருங்களே."

"தெரியுமுங்க. நான் என்ன இல்லைன்னா சொல்றேன்? கல்யாணத்துக்கு மட்டும் அவரு வர வேண்டாம். பொறவு நாம ரெண்டு பேரும் மாசத்துக்கு ஒருக்கா போயிப் பாத்துட்டு வரலாம். அவரு காங்கேயம் பக்கம் மட்டும் வராமப் பாத்துக்கிட்டாப் போதும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"அம்மா காலம் வரைக்கும்..." என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்த் தண்ணீர் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எழுந்து ஒரு வார்த்தையில் தீர்த்துவிட்டுப் போயிருப்பாள். இவன் நல்லவன். இவன் உண்மையாகவே அவளை விரும்பினான். விரும்பிக்கொண்டே அவளுடைய அப்பாவைச் சாகடித்து அம்மாவிடம் சம்மதம் வாங்கி வந்திருந்தான். அதை ஒரு பரிசைக் கொண்டுவந்தவன் போல முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"உங்க அம்மாகிட்ட உண்மையச் சொல்லிப் பாத்தீங்களா? ஒரே ஒரு தடவையாச்சும்?"

அவன் பன்னைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தட்டில் போட்டான்.

"சொன்னா என்ன ஆகியிருக்குமுங்க?"

"செத்துப்போயிருவேன்னு சொல்லுவாங்க."

"அதுக்காக எங்கப்பாவ முந்திக்க வெச்சுட்டீங்க."

"கிருபா... அப்படிச் சொல்லாதீங்க. நான் உங்களுக்காகத்தானுங்க இத்தனையும் பண்ணிப்போட்டேன்."

அவளுக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க எல்லோரும் மனுஷராக இருந்தோமே, அது உங்களுக்கு ஒரு பொழுதுபோக்குதானா என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அழுதுவிடுவோம் என்று கேட்கவில்லை. டீ ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. அவள் எழுந்தாள்.

"வேண்டாமுங்க."

"என்னைப் பிடிக்கலீங்களா?" அவன் கேட்ட விதத்தில் கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடேன் என்கிற மாதிரி ஒரு கெஞ்சல். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகக் காங்கேயம் போய்ச் சேர்ந்திருப்பான். அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"பிடிச்சிருக்குதுங்க," என்றாள் கிருபா. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தை. இப்போது அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "ரொம்பப் பிடிச்சிருக்குது. இனிமேல வேற ஒருத்தரை இப்படிப் பிடிக்குமான்னு எனக்குத் தெரியலை. பிடிக்காமப் போயிட்டாள்னு நீங்க உங்களையே சமாதானம் பண்ணிக்கக் கூடாது, அதுக்குத்தான் சொல்றேன். இத்தனை பிடிச்சும் வேண்டாமுங்கறேன்."

அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரவணம்பட்டிக்கு மிதித்தாள். அப்பாவுக்கு அன்றைக்கு நைட் ஷிஃப்ட். சாப்பாடு கட்டிக் கொடுக்க நேரமாகியிருந்தது.