பின்னறையில் பதிவான ஒரு நிமிடம்

பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம் தொடங்கி ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரையில் சத்தமெல்லாம் சட்டென்று நின்றபோது, ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளருக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. அந்த நிசப்தம் அவருடையது.

அதுவரை படம் அவருக்குப் பரமானந்தமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தன்னைக் கூப்பிடாமல் எடுத்த படம் எவ்வளவு கேவலமாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டாரோ, அதைவிட ஒரு முழம் கூடுதலாகவே இருந்தது. கதவு திறந்தால் கப்பல் உடைகிற சத்தம். பூனை நடந்தால் இடி. இருபது வருடத்துக்கு முந்தைய முதல் பாகத்தில் முகத்தையே காட்டாமல் ஊரை நடுங்க வைத்த பேய்க்கு இதில் ஒரு தங்கை, தங்கைக்கு ஒரு காதல், காதலுக்கு மழையில் ஒரு பாட்டு. மதியக் காட்சிக்கு வந்த நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பேய் எப்பங்க வரும்?" என்று பக்கத்தில் மனைவி கொட்டாவி விட்டாள்.

"வந்துட்டுப் போயிடுச்சு. சோப்பு விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரி ஒண்ணு வந்துச்சே, அதுதான்."

"அடக் கடவுளே!" என்று தூங்கிப்போனாள்.

முதல் பாகத்தில் கதாநாயகி தாழ்வாரத்தின் கோடியில் நிற்பாள். இசை இல்லை, காலடி இல்லை. ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் தியேட்டரில் மூன்று பேர் மயங்கி விழுந்ததாக அவர் சொல்ல ஆரம்பித்தார். ஓய்வு பெறுவதற்குள் எண்ணிக்கை முந்நூறைத் தொட்டிருந்தது. ஸ்டுடியோவின் நிசப்தம் பிணம் மாதிரி கிடக்கும் என்பதால், தன் வீட்டுப் பின்னறை ஜன்னலில் கம்பளி அடித்து, நடுவில் மைக்கை நிறுத்தி, தன் மூச்சுகூடப் பதிவாகிவிடக் கூடாதென்று தம் பிடித்து நின்று எடுத்தது அது. எழுபது விநாடி தம் பிடிப்பார். பிறகு டேப்பை ஓடவிட்டபடியே வெளியே போய்க் காபி குடித்தார். வேண்டிய நிமிடத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, மீதியைக் கேட்காமலே டேப்பை அலமாரியில் போட்டார். அறையில் ஆளே இல்லாத நேரத்தை எவன் உட்கார்ந்து கேட்பான்?

அந்தப் படத்தில் அவர் பெயர் கொசு அளவு எழுத்தில் ஓடி மறைந்தது. அந்த ஒரு நிமிடம் மட்டும் முழுசாக அவருடையது.

இப்போது அது திரையில் ஓடிக்கொண்டிருந்தது. காட்டியதென்னவோ ஒரு காலி நாற்காலியைத்தான். நிமிடம் முடிந்தது. ஆனால் பதிவு நிற்கவில்லை. செருப்புச் சத்தம், வலது கால் கொஞ்சம் இழுத்தபடி. அவர் நடை. கதவு சாத்துகிற சத்தம். அவர் வீட்டுக் கதவு.

அப்புறம் யாரோ மூச்சு விட்டார்கள்.

நீளமாக. நிம்மதியாக. வெகுநேரம் தம் பிடித்திருந்தவர் விடுகிற மூச்சு.

தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி விழித்துக்கொண்டாள். "யாருங்க அது?"

படம் முடியும்வரை அவரால் உட்கார முடியவில்லை. வெளியே வந்ததும், இரண்டாம் பாகத்துக்கு ஒலியமைத்தவனைப் போனில் பிடித்தார். அவன் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. அவரிடமே பத்து வருடம் தொழில் பழகியவன்.

"மச்சான், அந்த மூச்சை எங்கடா புடிச்ச?"

"நல்லா இருந்துச்சுல்ல மாமா! உங்க டேப்தான். அக்கா எடுத்துக் கொடுத்துச்சு. நான் ஒண்ணும் சேர்க்கல, வெட்டல. அப்படியே போட்டேன்."

"நான் வெளிய போயிட்டேன்டா. செருப்புச் சத்தம் கேக்கல?"

"அப்போ உள்ள யாரு இருந்தது?" மைத்துனன் சிரித்தான். "விடுங்க மாமா. மூச்சு உங்களோடதுன்னே சொல்லிக்குவோம்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? தூசி புடிச்சுக் கெடந்துச்சு, தம்பி கேட்டான், கொடுத்தேன். இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு?"

சோறு போட்ட கை ஒரு பக்கம், தொழில் கற்றவன் மறுபக்கம். ஆனால் வீடு வரும்வரை அவர் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது அவர்களில்லை. எறும்பு தும்மினால் அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும் என அவர் பீற்றிக்கொண்ட அந்தக் காதுகள். அந்த நிமிடம் முழுக்க, ஓர் ஆளை மூச்சோடு ஒளித்துவைத்து, இங்கே யாருமில்லை என்று சத்தியம் செய்த காதுகள். அப்படியென்றால் அந்த முந்நூறு பேரும் யாருடைய நிசப்தத்துக்கு மயங்கி விழுந்தார்கள்?

இல்லை. மைத்துனன்தான் பொய் சொல்கிறான். தன் நிமிடம் சுத்தமானது. அதை நிரூபிக்க வழியும் அவருக்குத் தெரியும்: வெளியே போய்விட்டதுபோல் காட்டிவிட்டு, உள்ளேயே நின்று கேட்பது.

மணி ஐந்தரை. வெளியே வெயில். மனைவி சமையலறையில் பாத்திரம் உருட்டினாள். அவர் பின்னறைக்குள் போனார். கம்பளி இன்னும் ஜன்னலிலேயே இருந்தது. கதவிடுக்கு வெளிச்சத்தில் பழைய மெத்தை, அலமாரி, ஈரத்துணியின் புழுங்கல் நெடி. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தார். செருப்பைக் கழற்றிக் கைகளில் மாட்டிக்கொண்டு குனிந்து, தரையில் தட்டித் தட்டி, போகப் போக மெதுவாகத் தட்டி, ஓர் ஆள் நடந்து வெளியே போகிற சத்தத்தை உண்டாக்கினார். தொழிலின் அரிச்சுவடி அது. வலது செருப்பைக் கொஞ்சம் இழுக்கவும் மறக்கவில்லை. பிறகு உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தினார்.

இருட்டு.

முப்பது. முப்பத்தொன்று.

"கிளம்பிட்டீங்களா? வரும்போது பால் வாங்கிட்டு வாங்க!" சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள். அவள் காலடி நெருங்கியது. "இந்த ரூமைத் தாழ் போடாமப் போகாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? எலி வருது!"

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரு வார்த்தை போதும். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இத்தனையும் வீண். காலடி தூரமாகப் போனது.

நாற்பத்தெட்டு. ஒன்றுமில்லை. ஐம்பத்தைந்து. ஒன்றுமே இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. சுத்தம். பரிசுத்தம். அவருடைய நிமிடம்.

அறுபது.

பிடரிக்கு மிக அருகில், யாரோ மூச்சு விட்டார்கள்.

நீளமாக. நிம்மதியாக. கழுத்து முடி அசைந்தது. ஈரத்துணியின் நெடி.

அறுபத்தைந்து. அசையக் கூடாது. அதற்குத் தெரியாது, தான் இங்கே இருப்பது அதற்குத் தெரியாது. அறுபத்தெட்டு. மார்பு வெடித்தது. காதுக்குள் ரத்தம் இரைந்தது. அறுபத்தொன்பது. எழுபது. முடியவில்லை. உதடு பிரிந்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. அவசரமில்லாமல், பழகிய கை போல, அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியது. ஒரு பதிவு கெட்டுவிடக் கூடாதே என்கிற அக்கறையோடு, இறுக்கமாக.