எட்டாம் அத்தியாயத்தில் கிடந்தவள்

நவம்பர் 9, மாலை. இன்றைய சிறு தவறு: காலி வீட்டுக்குள் நுழைந்தவள் வாசல் கதவைத் தாழிட மறந்துவிட்டாள்.

வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்று தரகரிடம் சாவி வாங்கியது பொய்தான். வெளியிலிருந்து பார்த்தே தன் நாவலில் எழுதிவிட்ட இந்த வீட்டில், பிணம் கிடக்கும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும் அவளுக்கு. பகலில் பல் மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவள். மற்ற நேரமெல்லாம் குற்றக்கதை எழுதுகிறவள். எதையும் தன் உடம்பில் அளந்து பார்க்காமல் அவளுக்கு எழுத வராது. அதனால் அவள் நாவலில் செத்துப்போகிற பெண்ணுக்கும் அவளுடைய உயரம், அவளுடைய சாம்பல் நிறச் சுடிதார், இடது காதடியில் அவளுடைய மச்சம். வேறு யாரை அளப்பது?

அந்தக் கைப்பிரதி படியேறாத பதிப்பகம் இல்லை. சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தது. கடைசிப் பதிப்பகம் மட்டும் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. இதுவும் கைவிட்டால் எழுத்தை மூட்டை கட்டிவிடுவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தங்கையைக் 'கொலைகாரி' என்றே கூப்பிடும் அக்கா, அதன் பிறகாவது வாய் நிறைய வேறு பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று காத்திருந்தாள்.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை... படிக்கட்டிலிருந்து பார்த்தால் பிணத்தின் முகம் தெரியுமா? மாடி அறையின் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள். ஒரு கை தலைக்கு மேல், ஒரு கால் மடங்கி... எழுதியபடியே.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் அந்தி கரைந்து வழிந்தது.

கீழே கதவு முனகியது.

காலடி. மெதுவாக... மிக மெதுவாகப் படியேறி, திருப்பத்தில் நின்றது. எட்டாம் அத்தியாயத்தில், செத்தவளைப் பார்க்கத் திரும்பி வருகிற கொலைகாரனும் அங்கேதான் நிற்பான். நின்று, கைப்பிடிச் சுவரை விரலால் தட்டுவான்.

தட்டும் சத்தம் கேட்டது.

யாரும் அச்சிடாத கதையை யார் நடத்துகிறார்கள்? எழ நினைத்தாள், உடம்பு கேட்கவில்லை. கதையில் அடுத்து அவன் ஒன்று கேட்பான். பிணத்திடம்.

"இன்னும் இங்கதான் இருக்கியா?" என்றது இருட்டு.

"இருக்கேன்..."

அவள் வாய்தான் சொன்னது. அறை வாசலில் ஒரு பை பொத்தென்று விழுந்தது. நனைந்த சட்டையோடு ஒருவன் நிலைக்கதவில் சரிந்து உட்கார்ந்தான். மழைத்துளி சொட்டும் இமைகளுக்குள் அகலமான, பயந்த கண்கள்... அவை அவள் காதடியிலேயே நின்றன.

"மச்சம் கூட இருக்கே... நீங்க செத்துட்டீங்களே?"

"யாரு சொன்னா?"

"எட்டாம் அத்தியாயத்துல..."

அவளுக்குப் புரிந்தது. அந்தக் கடைசிப் பதிப்பகத்தில் கைப்பிரதி படித்து அபிப்பிராயம் சொல்கிறவன் அவன். நாவலில் வரும் உடைந்த மழைநீர்க் குழாயை வைத்து இந்த வீட்டை எப்போதோ அடையாளம் கண்டிருந்தான். இன்று கதவு திறந்திருக்க, கதையில் உள்ளபடி சத்தமில்லாமல் ஏற முடிகிறதா என்று பார்க்க வந்தானாம். திருப்பி அனுப்பச் சொல்லி முதலாளி கொடுத்த கைப்பிரதி பையில்தான் இருந்தது. தினமும் தபாலாபீஸ் வரை போய், மனசு வராமல் வீட்டுக்கே கொண்டுபோகிறானாம்.

"முதலாளி படிச்சாரா?"

"இல்லீங்க. நான் சொன்னதைத்தான் கேட்டாரு." அவன் குரல் இறங்கியது. "கணக்கெல்லாம் கச்சிதம், ஆனா மனசு ஒட்டலன்னு சொன்னேன்."

அப்படியானால் கைப்பிரதியைக் குத்தியவன் இவன்தான். முதலாளியிடம் மறுபடி பேசிப் பார்ப்பதாக அவன் தடுமாறிச் சொன்னான். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இரக்கப்பட்டு யாரும் என் புத்தகத்தைப் போட வேணாம்."

எழுந்து, பையிலிருந்து கைப்பிரதியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். அவள் பாதிப் படியில் இருக்க, மேல்படி வரை வந்துவிட்ட அவன் குரல் பின்னால் வந்தது.

"அவ செத்ததுக்கு ஏங்க யாருமே அழல?"

கால் நின்றது. போலீஸ் வந்தது, டாக்டர் வந்தார், கொலைகாரன் இரண்டு முறை வந்தான். அழ ஒருவரை வைக்கத் தோன்றவே இல்லை. தன்னைப் போன்ற ஒருத்திக்கு யார் அழுவார்கள் என்று அவள் கை தானாகவே தாண்டிப் போயிருந்தது.

"அழறதுக்கு அவளுக்கு யாரும் இல்ல."

"நான் அழுதேன்." இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. "தினம் இந்த வழியாப் போறப்ப அண்ணாந்து பார்ப்பேன்... அவ உயிரோட வந்து நிக்க மாட்டாளான்னு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனா இப்போ நிக்கிறீங்க. உங்களை விட்டுட்டு வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லைங்க..."

மாடியில், யாரும் இல்லாத அறையில், ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.

அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள். எப்போது மேலே ஏறினாள்? ஈரமான, சில்லிட்ட கை. விடத் தோன்றவில்லை.

"முதலாளிகிட்ட நானே பேசிக்கிறேன்," என்றாள், அவனைப் பார்க்காமல். "ஆனா அழறவங்களை எனக்கு எழுதத் தெரியாது... கூட இருப்பீங்களா?"

"எத்தனை அத்தியாயத்துக்கு?"

"முடியற வரைக்கும்."

நாளை: மருத்துவமனை முடிந்ததும் எட்டாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டும்.