பதினோரு மாடுகளின் மண்

பூந்தொட்டியில் கிடந்த வெள்ளைக் கட்டியை அக்கா முதலில் முட்டை ஓடு என்றுதான் நினைத்தாள். கால்நடை மருத்துவமனையில் நாள் முழுக்க நின்ற கால்கள் கெஞ்ச, செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் வாசல் படியில் உட்கார்ந்தவள், பேனா முனையால் அதைப் புரட்டினாள். முட்டை ஓடில்லை, சுண்ணாம்பு. அதன் அடிப்பக்கத்தில், சாய்ந்த வெயிலில் மினுங்கியபடி, செம்பழுப்பாக ஒரு மயிர் ஒட்டியிருந்தது. முப்பது வருடம் மாடுகளைப் பிடித்து நிறுத்தி ஊசிக்குக் காட்டியவளுக்கு, அது எந்த உடம்பின் மயிர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்பது நாளைக்கு முன்பு, பூச்செடி வைக்கிறேன் என்று தங்கை ஒரு டிராக்டர் மண் இறக்கியிருந்தாள். பாதி தொட்டிகளுக்குப் போனது. மீதி வாசலோரம் குவியலாகக் காய்ந்து, காற்று தொடும்போதெல்லாம் உச்சியிலிருந்து மாவு போலச் சரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் இயந்திரம் கடகடவென்று ஓடி நின்றபோது, அந்தச் சரிவின் மெல்லிய ஓசைகூடக் காதில் விழுந்தது. முகர்ந்து பார்க்கக் குனிந்த அக்கா பாதியில் நின்றாள். ஏன் நின்றோம் என்று அவளுக்கே உடனே தெரியவில்லை. உடம்புக்குத் தெரிந்திருந்தது.

எழுந்து தள்ளி நின்று டிராக்டர்காரனைப் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, எங்க வீட்டுக்குப் போட்ட மண்ணு எங்க எடுத்தது?"

"ஏன்க்கா, செடி வரலையா? வராம இருக்காதே! மேட்டுக்குப் பின்னாடி ஒரு இடம். வேலி விழுந்து கிடந்துச்சு. சுத்தி எல்லாம் காஞ்சு கிடக்கு, அங்க மட்டும் புல்லு இடுப்பு உசரம். உங்களுக்குன்னுதான் ஆழமாத் தோண்டி நல்ல மண்ணாப் பார்த்து எடுத்தேன்."

"வேற யாருக்காவது போட்டியா?"

"இல்லக்கா. உங்களுக்கு மட்டும்தான்."

அவன் குரலில் இருந்த அன்பு அவளை இன்னும் சோர வைத்தது. இனி அந்தப் பக்கமே போக வேண்டாம், டிராக்டரையும் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒரே வாரத்தில் பதினோரு மாடுகள் விழுந்தன. காலையில் மேய்ந்த மாடு மத்தியானம் இல்லை. மூக்கிலிருந்து வழிந்த கறுத்த இரத்தம் உறையவே இல்லை. அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ். யாரும் கத்தி வைக்கக் கூடாது, தோலுக்கு ஆசைப்படக் கூடாது என்று மாட்டு டாக்டர் ஒவ்வொரு வீட்டிலும் கை கூப்பிக் கேட்டார். மேட்டுக்குப் பின்னால் ஆழக் குழி வெட்டி, அறுக்காமல் அப்படியே இறக்கி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். "இதோட முடிஞ்சுதா சார்?" என்று அவள் கேட்டதற்கு, அவர் மண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மாடுதாம்மா செத்துச்சு. இந்தக் கிருமி மண்ணுக்குள்ள தூங்கும். நாம போன பிறகும் தூங்கும். எழுப்பாம இருக்கணும், அவ்வளவுதான்."

அன்று முதல் வருடத்துக்கு ஒருமுறை போய் வேலியை இறுக்கிக் கட்டிவிட்டு வருவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. வாயில்லா ஜீவன்களுக்கு நம்மால் ஆனது என்று செய்தாள். இரண்டு வருடமாக மூட்டுவலி. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டுவிட்டாள்.

உள்ளே தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் காட்டு."

"எதுக்கு? ஜோசியம் பாக்கப் போறியா?"

மணிக்கட்டுக்கு மேலே ஒரு கொப்புளம். சுற்றிலும் வீங்கி, நடுவில் குழிந்து, குழிக்குள் கரித்துண்டு வைத்தது போல ஒரு கறுப்பு.

"வலிக்குதா?"

"துளிகூட இல்ல. ஏதோ பூச்சி கடிச்சிருக்கு. அதுக்கு ஏன் இப்படி முழிக்கிற? நான் என்ன உன் ஆஸ்பத்திரி மாடா?"

"மாடா இருந்தா சொன்ன பேச்சு கேட்டிருக்கும். எந்திரி. கிள்ளாத, அமுக்காத."

வலிக்கவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது; அடைப்பான் புண் வலிக்காது. அம்மா போன பிறகு இந்த வீட்டில் இருவர்தான். ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு பாயில் தூங்கி, இருபது வருடம். தங்கையின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள், சின்னப் பிள்ளைக்குக் கழுவுவது போல. தன் கைகளையும் கழுவினாள். புண்ணை மூடிக் கட்டினாள். ஆட்டோ வாசலில் நின்று உறுமியபோது தையல்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு? ரெண்டு பேரும் எங்க ஓடுறீங்க?"

"இந்த மண்ணு கெட்ட மண்ணும்மா. இவளுக்குக் கையில புண்ணு. பிள்ளைங்கள இந்தப் பக்கம் விடாதீங்க. வந்து சொல்றேன்."

"அடப்பாவமே! நீங்க போங்க. நான் இருக்கேன்ல!"

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். மாட்டு ஆஸ்பத்திரி வேலை, குழி, சுண்ணாம்பு, மயிர், எதையும் சிரித்துத் தள்ளவில்லை. புண்ணில் மாதிரி எடுத்து, உடனே மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்.

"நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்கம்மா. தோல்ல வந்தது மருந்துக்குக் கேட்கும். மூச்சோட உள்ள போனாதான்..." அவர் அதை முடிக்கவில்லை. "அந்த மண்ணை யாரும் கிளறாம பாத்துக்குங்க."

மாட்டு டாக்டரும் போனில் அதையேதான் சொன்னார். காலையில் கவச உடையோடு ஆள் அனுப்புகிறேன், அதுவரை யாரும் கிட்டப் போகக் கூடாது, அள்ளக் கூடாது, தூசி கிளம்பக் கூடாது. தையல்காரம்மாவுக்குச் சொல்லிவிடலாம் என்று அக்கா கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மாற்றுத் துணி எடுத்துவர அவள் தனியாகத் திரும்பினாள். ஆட்டோவின் ஆட்டத்தில் கண் சொக்கியது. கடவுளே, இவளைக் காப்பாற்றிக் கொடுத்தாய், போதும் என்று உதடு முணுமுணுத்தது. தெருமுனையில் இறங்கியபோது பொழுது சாய்ந்து, விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

விளக்கைச் சுற்றி ஏதோ இருந்தது.

பனி என்று நினைத்தாள். இது பனிக்காலம் இல்லை. புகை என்று நினைத்தாள். புகை வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை, வெயிலில் காய்ந்த மண்ணின் வாசனையைத் தவிர.

நின்றாள்.

சர்ர். சர்ர். சர்ர்.

ஒரு துடைப்பத்தின் ஓசை இல்லை. பல.

முட்டி வலியை மறந்து நடந்தாள். தெரு முழுக்க மங்கலாக இருந்தது. மங்கலுக்குள் ஆட்கள். சிரிப்பு. கூடையைத் தட்டும் சத்தம். தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. குவியல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளேயும் யாரோ பெருக்கினார்கள்.

தையல்காரம்மா நிமிர்ந்தார். புருவம் வெள்ளை. இமை வெள்ளை. வாய் நிறையச் சிரிப்பு.

"வந்துட்டீங்களா! தங்கச்சி எப்படி இருக்கா? நீங்க வேற முட்டிவலியோட இதையும் அள்ளிக் கஷ்டப்படணுமான்னு தெருவே சேர்ந்துட்டோம். இந்த வாண்டுங்க வேற, நாங்களும் வருவோம்னு ஒரே பிடிவாதம். பாருங்க, ஒரு பொட்டு மண்ணு இல்ல!"

அவர் புடவையை உதறினார்.

விளக்கொளியில் அது எழுந்தது. மெதுவாக. மெல்லிசாக. கீழே இறங்கவே இல்லை. அந்தத் தூசிக்குள் ஒரு குழந்தை வாயைத் திறந்துகொண்டு குதித்தது, பறப்பதைப் பிடிக்க.

கத்த வேண்டும். உடனே கத்த வேண்டும்.

கத்துவதற்கு, அவள் மூச்சை இழுத்தாள்.