ஒரு மூடி பெற்றோல்

பண்டத்தரிப்பில் அந்த வீட்டுப் படலையைத் திறந்தபோது சிவரூபனின் மூக்கில் முதலில் ஏறியது மண்ணெண்ணெய் மணம். பின்னேர வெயில் முற்றத்தில் சாய்ந்து கிடந்தது. கொட்டிலின் நிழலில், சில்லுகள் கழற்றப்பட்டு, கல்லடுக்கின் மேல் நின்றது ஒஸ்ரின் ஏ ஃபோட்டி கார். பற்றறி இருக்கவேண்டிய தட்டில் ஒரு கோழி அடைக்கு இருந்தது.

பழைய கார்களின் ஸ்ராட்டர் மோட்டரை வாங்கி, துப்புரவாக்கி விற்பதுதான் சிவரூபனின் பிழைப்பு. ஏ ஃபோட்டியின் ஸ்ராட்டர் என்றால் ஆளையாள் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

“கழட்டிக்கொண்டு போங்கோ தம்பி,” என்றார் சுவர்ணா. வாடகைக் கார் ஓடிய கனகரத்தினத்தின் மனைவி. கணவர் கண்மூடி இன்னும் ஆண்டுத் திவசம் வரவில்லை. “ஆனால் திருப்பிக் கொண்டு வரக்கூடாது.”

“பொம்பிளையைக்கூடத் திருப்பி அனுப்புவினம் அம்மா, ஏ ஃபோட்டி ஸ்ராட்டரை ஆரும் அனுப்பமாட்டினம்.”

அவர் சிரிக்கவில்லை.

சிவரூபன் ஆணிகளைத் தளர்த்தி மோட்டரை இரு கைகளாலும் வெளியே எடுத்தான்.

சுட்டது.

ஆண்டுக்கணக்கில் ஓடாத வண்டி. பற்றறிகூட இல்லை. ஆனால் யாரோ சற்று முன்வரை விடாமல் சுழற்றியதுபோல் மோட்டர் கொதித்தது. வெயில் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புறப்பட்டான். அந்தக் கொட்டிலுக்குள் வெயிலே படுவதில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

கொழும்புத்துறையில் அவனுடைய பட்டறை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு இஹ்ஸான் வந்து சேர்ந்தான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பாகங்கள் பிடித்துக் கொடுப்பவன்.

“சொல்லன் மச்சான், உன்ரை வழக்கமான பொய்யை. டொக்டர் ஓடின கார், மழையே படேல்லை...”

“இது ஹயர் கார்.”

“உண்மை கதைக்கிறாய். அப்ப ஏதோ பிழை இருக்கு.”

மேசைமேல் கிடந்த மோட்டர் அசைந்தது.

ர்ர்ர்... ர்ர்ர்...

நின்றது. மறுபடி சுழன்றது, பற்றறி இறங்கும்போது முனகுமே, அப்படி, இழுத்து இழுத்து. அந்த முனகலுக்குள் இன்னொரு சத்தமும் இருந்தது. மூச்சுக்குத் தவிக்கும் சின்ன நெஞ்சொன்றின் கீச்சு.

பிறகு ஓர் ஆண்குரல், காதோடு.

“கொஞ்சம் பொறு குஞ்சு. இந்தா, ஸ்ராட் வருது.”

இஹ்ஸான் சுவரோடு ஒட்டிப்போனான். “எனக்கு வேண்டாம் மச்சான்,” என்றான் மெல்ல. “உதுக்குள்ளை ஆரோ அழுகினம்.”

விடிந்ததும் சிவரூபன் மோட்டரோடு திரும்பப் போனான். சுவர்ணா அதைப் பார்த்தார், கோபிக்கவில்லை.

“உங்களுக்கும் கேட்டதோ?”

“ஓம் அம்மா.”

“பொருளாதாரத் தடை நேரம், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. கார் எல்லாம் மண்ணெண்ணெயிலைதானே ஓடினது. ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. நிப்பாட்டேக்கையும் கடைசியிலை பெற்றோலிலை ஓடவிட்டுத்தான் நிப்பாட்டவேணும், இல்லாட்டி அடுத்தமுறை எடுபடாது. அண்டைக்கு இவர் அந்த ஒரு மூடியை மிச்சம் பிடிச்சிட்டார்.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். “இரவு எங்கடை மகள் கோபிகாவுக்கு இழுப்புக் கூடிப்போச்சு. மிச்சம் பிடிச்சதை விட்டும் எடுபடேல்லை. ஸ்ராட்டர் குமிழை இழுத்தார், இழுத்தார், பற்றறி செத்துப்போச்சு. தள்ளிக்கொண்டு ஒழுங்கை முனைக்குப் போகேக்கை பிள்ளை என்ரை மடியிலை...”

சுற்றிய தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார்.

“இவர் இருக்குமட்டும் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை. செத்தாப் பிறகு பின்னேரத்திலை நிண்டு இழுக்கிறார். உது இல்லாட்டி ஓய்ஞ்சிடுவார் எண்டுதான் வித்தனான்.”

“கழட்டினா ஓயமாட்டார் அம்மா. ஸ்ராட் வந்தாத்தான் ஓய்வார்.”

மோட்டரைப் பூட்டினான். கோழியை எழுப்பிவிட்டுத் தான் ஓட்டிவந்த வானின் பற்றறியை வைத்தான். காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல். குமிழை இழுத்தான்.

முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது.

பின்கதவு திறந்தது.

வண்டியின் பின்பக்கம் சற்றே பதிந்தது. கதவு சாத்திக்கொண்டது. அந்த ஒரு மூடி தீர்ந்த பிறகும் எஞ்சின் ஓடியது. ஓடி, தூரம் போவதுபோலத் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. வண்டி கல்லடுக்கின் மேல்தான் நின்றது.

ஆனால் மணலில், கொட்டில் வாசலிலிருந்து படலைக்கு வெளியே, புதிய சில்லுத் தடம்.

சுவர்ணா தடத்தை மிதிக்காமல் ஓரமாகவே நடந்துபோய் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னை ஏத்தாமல் போட்டினம் தம்பி.”

அன்றே மோட்டரைக் கழற்றவைத்துச் சிவரூபனிடமே கொடுத்துவிட்டார். அது குளிர்ந்து கிடந்தது. இஹ்ஸான் காது வைத்துக் காது வைத்துப் பார்த்த பிறகே வாங்கிப்போனான்.

சில நாள் கழித்துச் சங்கானைப் பக்கம் போன சிவரூபன், சுவர்ணா அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்று வானைத் திருப்பினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படலையில் கை வைத்தபோது கேட்டது.

ர்ர்ர்... ர்ர்ர்...

சுவர்ணா சாரதி ஆசனத்தில் இருந்தார். கோயிலுக்குப் போகிற சேலை. மடியில் சுடுதண்ணீர்ப் போத்தலும் ஒரு சின்னச் சுவெற்றரும். குமிழை இழுத்துக்கொண்டிருந்தார். திறந்த பொனற்றுக்குள், மோட்டர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. பற்றறித் தட்டில் கோழி மறுபடி அடைக்கு இருந்தது.

ஓட்டைக்குள் எதுவோ சுழன்றது.

“அம்மா,” என்றான்.

அவர் திரும்பவில்லை. பார்வை ஒழுங்கை முனையில் இருந்தது. அங்கே கண்ணுக்கு ஒன்றுமில்லை. எஞ்சினை நிற்பாட்டாமல் காத்துநிற்கும் காரொன்றின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“கொஞ்சம் பொறு குஞ்சு,” என்றார் சுவர்ணா. “இந்தா, அம்மா வாறன்.”