சரி செய்க

காலை ஒன்பது மணிக்கு வடகரை இணைவலு அலுவலகத்தில் மங்கையர்க்கரசி திரையைத் திறந்தால், தென்கரை அதிகாரி அருளப்பன் அதில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். பதினோரு வருடமாக இதே கூத்து. அங்கே ஒரு படகு கூடினால் இங்கேயும் ஒன்று கூட வேண்டும்; இங்கே ஒன்று மூழ்கினால் அங்கேயும் ஒன்றைக் கரையேற்ற வேண்டும். ஒருவர் கை ஓங்கினால்தானே சண்டை வரும், ஓங்கவே விடக்கூடாது என்று போருக்குப் பின் இரு கரைகளும் போட்ட இணைவலு ஒப்பந்தம். பீரங்கியில் தொடங்கியது, மின்நிலையம், மருத்துவமனை என்று இறங்கி, போன வாரம் தெருவிளக்கில் வந்து நின்றது. நல்லவேளை, கொட்டாவியை இன்னும் எண்ணவில்லை.

எண்ணிச் சமமாக்குவது இரு கரைக்கும் பொதுவான சமன்பொறி என்ற கணினியின் வேலை. அதற்கு மனு எழுதி மன்றாடுவது மங்கையர்க்கரசியின் தலையெழுத்து.

வடகரையின் ஒரே டயாலிசிஸ் இயந்திரம் நான்கு நாளாக ஓடவில்லை. அவள் கணவன் குமரேசன் கால் வீங்கி, மூச்சு வாங்கக் கிடந்தான். ஒரு மோட்டாரை மாற்றினால் போதும். ஆனால் சமன்பொறி உத்தரவு தராமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாது. மூன்று மனுவும் ‘விளக்கம் போதாது’ என்று திரும்பி வந்தன. இதற்கு மேல் என்ன இழவை விளக்குவது? நாலாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: ‘தென்கரை இயந்திரம் ஓடுகிறது. எங்களுடையது ஓடவில்லை. உடனே சரி செய்க.’

பத்து நிமிடத்தில் ‘சரி செய்யப்பட்டது’ என்று பதில் வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மருத்துவமனைக்குப் பேசினாள். யாருமே வரவில்லை, இயந்திரம் கிடந்தபடியே கிடக்கிறது என்றாள் நர்ஸ்.

திரையில் அருளப்பன் எழுந்து நின்றிருந்தார்.

“மேடம், எங்க டயாலிசிஸ் மெஷினை சமன்பொறி நிறுத்திடுச்சு. நீங்க என்ன எழுதினீங்க?”

வாசித்துக் காட்டினாள். கடைசி இரண்டு சொல்லில் அவளுக்கே குரல் இறங்கியது.

“சரின்னா சமம்னு எடுத்துக்கிச்சு,” என்றார் அவர்.

“அதுல யார் சார் இருந்தாங்க?”

“என் தங்கச்சி. பாதியில கழட்டியிருக்காங்க.”

இரண்டு இயந்திரங்களையும் ஓடவிடும்படி புது மனு எழுதினாள். அருளப்பனும் அங்கிருந்து அதையே எழுதினார். இரண்டு திரையிலும் ஒரே நொடியில் பதில் வந்தது:

‘இரு கரைகளும் சரியாகவே உள்ளன.’