ஆரூரன் மறக்காத சண்டை

"நான் வெண்டனானோ?"

பிரிட்டனில் அந்தக் காலத்தில் குத்துச்சண்டை வீரர்கள் மயக்கம் தெளிந்ததும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். லண்டன் டூட்டிங்கைச் சேர்ந்த ஆரூரனும் அதையே கேட்டான். கட்டிலருகே இருந்த அவன் மனைவி தர்மினி, "ஓம், வெண்டிட்டியள். மற்றவர் ஆறாவது ரவுண்டில விழுந்திட்டார்," என்றாள். அவன் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல வாடியும் போனது.

இருபத்தோராம் நூற்றாண்டின் கடைசியில் சட்டம் அப்படி இருந்தது. சண்டைக்குச் சற்று முன்பு வீரனின் மூளையை நரம்புக்கு நரம்பு படியெடுத்து வைப்பார்கள். அதற்கு முன்படி என்று பெயர். சண்டை முடிந்ததும் மீட்பி என்னும் இயந்திரத்துக்குள் தலையை வைத்தால், இரத்தத்தில் செலுத்தப்படும் நுண்பொறிகள் மூளையை முன்படியில் உள்ளவாறே திருத்திவிடும். வீக்கம் இல்லை, கசிவு இல்லை, வயதான பிறகு கை நடுக்கமும் இல்லை. குத்துச்சண்டையைத் தடை செய்ய வேண்டும் என்று நெடுங்காலம் கூச்சலிட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரே ஒரு குறைதான். மூளை சண்டைக்கு முந்தைய நிலைக்குத் திரும்புவதால் சண்டையும் அதிலிருந்து அழிந்துவிடும்.

ஆகவே ஆரூரன் இருபதுக்கு மேற்பட்ட சண்டைகளில் வென்றிருந்தான். ஒன்றுகூட அவன் நினைவில் இல்லை. பயிற்சி நினைவிருக்கும். எடை பார்த்தது, கையில் துணி சுற்றியது எல்லாம் நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான். தன் சண்டைகளைப் படத்தில் பார்த்தால், யாரோ தன் உடம்பை இரவல் வாங்கிப் போய் அனுபவித்ததுபோல எரிச்சல் வரும். பந்தியில் இலை போட்டதும் எழுப்பிவிடப்பட்டவனின் பசி அது. வருடக்கணக்கில் அந்தப் பசியோடு அலைந்தான். தேநீர்த் தண்ணீர் கொதிப்பதற்குள் காற்றைக் குத்துவான். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டான். தூக்கத்தில் தோள் துடிக்கும். அடுத்த சண்டை எப்போது என்று மனேஜர் கிருபாவை நச்சரித்துக்கொண்டே இருப்பான்.

தர்மினியின் கவலை வேறு. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும், மீட்பிக்குள் போகுமுன், உடைமாற்றும் அறையில் கண் வீங்கிக் கிடக்கும் ஆரூரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொல்வான்.

"போதும் தர்மினி. இனி என்னால ஏலாது. விட்டிடுறன்."

பிறகு இயந்திரம் அந்த ஆளை அழித்துவிட்டு, அடுத்த சண்டைக்குத் துடிக்கும் ஆளை அவளிடம் திருப்பித் தரும். அந்த இயந்திரத்தை அவள் மனதார வெறுத்தாள். அவனிடம் சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவை படம் பிடித்தும் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுக் கையை உதறினான்.

"அது அடி வாங்கினவன்ர கதை. அதைப் போய்ப் பெரிசா எடுக்கிறீரே!"

சட்டமும் அவன் பக்கம்தான். சண்டைக்கும் மீட்புக்கும் இடையில் வீரன் சொல்லும் எதுவும் செல்லாது. குடிகாரன் பேச்சுக்கு இருக்கும் மரியாதைதான் அதற்கும். மீட்பி வேண்டாமென்றால் சண்டைக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கவேண்டும்.

பிரிட்டிஷ் நடுத்தர எடைப் பட்டத்துக்கான சண்டை வந்தது. எதிராளி ஹல் நகரத்து டேரன் மெல்லர். ஒப்பந்தம் பேச வீட்டுக்கு வந்த கிருபாவிடம் ஆரூரன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அண்ணை, இந்த முறை மீட்பி வேண்டாம். கசிவை மட்டும் நிப்பாட்டினால் காணும். ஒரு சண்டையாவது எனக்கெண்டு இருக்கட்டும்."

"உனக்கென்ன விசரே?" கிருபா பதறிப்போனார். "ஒருக்கா ஞாபகம் நிண்டுதெண்டால் நீ பிறகு மேடைப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டாய், தம்பி!"

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தர்மினியின் கை நின்றது. மீட்பி இல்லையென்றால் மூளையில் கொஞ்சம் காயம் தங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு காயத்தோடு போய்விடும், ஆள் மிஞ்சுவான். அவள் வெளியே வந்து, "அவர் சொல்லுறபடி விடுங்கோ, அண்ணை," என்றாள்.

சண்டை பயங்கரமாக இருந்தது. மூன்றாவது ரவுண்டில் மெல்லரின் இடது கை விலாவுக்குக் கீழே இறங்கியபோது ஆரூரனுக்கு மூச்சே வரவில்லை. அம்மா என்று கத்த நினைத்தான். வாயில் பல்காப்பு இருந்தது. அதற்குப் பிறகு அவன் பட்டத்துக்காகச் சண்டை போடவில்லை, சீக்கிரம் முடியவேண்டும் என்பதற்காகப் போட்டான். பத்தாவது ரவுண்டில் மெல்லர் விழுந்தான். அரங்கம் எழுந்து ஆடியது. ஆரூரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

உடைமாற்றும் அறையில் அவன் அதையே சொன்னான். போதும், ஏலாது, விட்டிடுறன். இம்முறை அழிப்பதற்கு ஒருவரும் வரவில்லை. தர்மினி சிரித்தாள், அழுதாள், அவன் வீங்கிய முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள். மறுநாள் அவன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஓய்வை அறிவித்தான். அவள் கையுறைகளைக் குப்பையில் போட்டபோது அவன்தான் மூடியைத் திறந்து பிடித்தான்.

முதல் சில வாரங்கள் திடுக்கிட்டு விழித்து விலாவைத் தடவிப் பார்ப்பான். கோப்பை பிடித்தால் இடது கை நடுங்கித் தேநீர் சிந்தும். வருகிறவர்களிடம், "செத்துப் பிழைச்சனான்," என்பான்.

மாரிக் குளிர் கழிந்தது. கதை மெல்ல மெல்ல மாறியது. செத்துப் பிழைத்தது கொஞ்சம் தடுமாறியதாயிற்று. பிறகு மெல்லரின் குத்து சும்மா உரசிப் போயிற்று. பிறகு மெல்லர் மேடை முழுவதும் ஓடத் தொடங்கினான். வசந்தம் வந்தபோது கதையில் கைதட்டலைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. ஒருநாள் காலை தர்மினி சமையலறைக்கு வந்தாள். ஆரூரன் காற்றைக் குத்திக்கொண்டிருந்தான்.

அவள் கோபத்தோடு கிருபாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சத்தியமா நான் கேக்கேல்லை, தங்கச்சி," என்றார் அவர். "அவன்தான் சண்டை வேணுமெண்டு போன் எடுத்தவன். இந்த முறையும் மீட்பி வேண்டாமாம். இப்ப கனபேர் அப்பிடித்தான். ஞாபகத்தோட போனவங்கள்தான் மற்றவங்களைவிடக் கெதியாத் திரும்பி வாறாங்களாம். மீட்பியை நிப்பாட்டுவமோ எண்டு குத்துச்சண்டைச் சங்கத்தில கதைக்கினம்."

தர்மினி தொலைபேசியை வைத்துவிட்டுக் கணவன் முன் போய் நின்றாள்.

"அண்டைக்கு உடைமாத்திற அறையில என்னட்ட என்ன சொன்னீங்கள்? ஞாபகம் இருக்கோ?"

ஆரூரன் கைகளை இறக்கிவிட்டு நேர்மையாகவே யோசித்தான். பொய் சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை.

"ஏன் இல்லாமல்? எல்லாம் வடிவா ஞாபகம் இருக்கு," என்றான். "பெரிசா நோகேல்லை எண்டு சொன்னனான். நீர்தான் சும்மா அழுதனீர்."